வெண்காரக் குடுவையில் கட்டிலா ஆற்றலை அளந்த பதிவு

ஒரு வினை எந்தத் திசையில் போகும் என்பதைத் தன் மாற்றத்தின் குறியால் சொல்லும் கிப்ஸ் கட்டிலா ஆற்றலை நேரடியாகக் காட்டும் கருவி எதுவும் பள்ளி ஆய்வகத்தில் இல்லை. ஆனால் ஒரு கரைசல் தன் திண்மத்தோடு சமநிலையில் இருக்கும்போது அதன் செறிவை அளந்துவிட்டால், அந்த ஒரே எண்ணிலிருந்து சமநிலை மாறிலியும், மாறிலியிலிருந்து திட்டக் கட்டிலா ஆற்றல் மாற்றமும், அதையே பல வெப்பநிலைகளில் திரும்பச் செய்தால் என்தால்பி (வினை ஏற்கும் அல்லது விடும் வெப்பம்) மாற்றமும் என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) மாற்றமும் கிடைத்துவிடும். இதற்கு நன்றாகப் பொருந்தும் மலிவான பொருள் வெண்காரம். கல்லூரி ஆய்வகங்களில் நெடுங்காலமாகச் செய்யப்பட்டு வரும் சோதனைதான் இது; அதை ஒரு மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில், அங்கே கிடைக்கும் பொருட்களைக் கொண்டு செய்தபோது கிடைத்த அளவீடுகளையும், அவற்றைப் படித்துப் புரிந்துகொண்ட விதத்தையும் இங்கே எழுதுகிறேன். பதினோராம் வகுப்பில் வெப்ப இயக்கவியல் பாடம் முடிந்ததும் மாணவர்கள் தவறாமல் கேட்கும் ஒரு கேள்விதான் இதைத் தொடங்கக் காரணம்: "கட்டிலா ஆற்றல் மாற்றம் நேர்க்குறியாக இருந்தால் வினை நடக்காது என்று படித்தோம்; அப்படியானால் நேர்க்குறி உள்ள உப்பும் ஏன் ஓரளவு கரைகிறது?" இந்தக் கேள்விக்குச் சொற்களால் விடை சொல்வதைவிட எண்களால் சொல்வது நல்லது என்று தோன்றியது.

வெண்காரப் படிகத்தின் ஓர் அலகில் இரண்டு சோடியம் அயனிகளும், நான்கு போரான் அணுக்களைக் கொண்ட ஒரு டெட்ராபோரேட் அயனியும், எட்டு நீர் மூலக்கூறுகளும் உள்ளன. பழைய வாய்பாட்டில் பத்து நீர் என்று எழுதுவது வழக்கம். அவற்றில் இரண்டு உண்மையில் போரேட் அயனிக்குள்ளேயே ஹைட்ராக்சில் தொகுதிகளாக அடங்கியிருக்கின்றன. படிகம் கரையும்போது ஒரு போரேட்டுக்கு இரண்டு சோடியம் என்ற விகிதம் மாறாமல் இருப்பதால், போரேட்டின் செறிவை மட்டும் அளந்தால் போதும். சோடியத்தின் செறிவு அதன் இருமடங்கு. இந்தக் கரைதலின் சமநிலை மாறிலியான கரைதிறன் பெருக்கம் என்பது சோடியம் செறிவின் இருமடியையும் போரேட் செறிவையும் பெருக்கி வருவது என்பதால், அது போரேட் செறிவின் மும்மடியை நான்கால் பெருக்கியதற்குச் சமமாகிறது. இன்னொரு வசதி, டெட்ராபோரேட் ஒரு காரம்: ஓர் அயனி இரண்டு ஹைட்ரஜன் அயனிகளையும் மூன்று நீர் மூலக்கூறுகளையும் ஏற்று நான்கு போரிக் அமில மூலக்கூறுகளாக மாறிவிடும். ஆகவே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பியூரெட்டும் இருந்தால் செறிவை அளந்துவிடலாம்.

வெண்காரத்தை நாட்டு மருந்துக் கடையில் வாங்கினேன். அங்கே கேட்கும்போது பொரிக்காத வெண்காரம் என்று சொல்லிக் கேட்க வேண்டும். மருந்துக்காகப் பொரித்து விற்கப்படுவது நீரை இழந்து உப்பிப்போன வெள்ளைப் பொடியாக இருக்கும். வாங்கிய கட்டிகளில் மண்ணும் தூசியும் இருந்ததால் சூடான நீரில் கரைத்து, வடிதாளில் வடிகட்டி, மெதுவாகக் குளிரவிட்டு மறுபடிகமாக்கினேன். இந்தப் படிகமாதல் 55 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நடக்க வேண்டும்; அதற்கு மேலே படிகங்கள் விழத் தொடங்கினால் நீர் குறைந்த இன்னொரு வகைப் படிகமும் கலந்துவிட வாய்ப்பு உண்டு. கிடைத்த படிகங்களைக் காற்றில் நெடுநேரம் உலர்த்தத் தேவையில்லை, உலர்த்தவும் கூடாது, ஏனெனில் வறண்ட காற்றில் அவை நீரை இழந்து மேலே மாவு பூத்துவிடும். எப்படியும் அவை மீண்டும் நீருக்குள்ளேயே போகப் போகின்றன என்பதால் ஈரமாகவே எடுத்துக்கொண்டேன். வெண்காரம் வயிற்றுக்குள் போகக் கூடாத பொருள். சமையல் பாத்திரங்களை இந்த வேலைக்கு எடுத்தால் அவற்றை மீண்டும் சமையலறைக்கு அனுப்பாமல் இருப்பதே சரி.

அமிலத்தின் செறிவு 0.2 மோலார் அளவில் இருக்குமாறு நீர்த்து, அதைச் சோடியம் கார்பனேட்டைக் கொண்டு தரம்பார்த்து 0.200 மோலார் என்று உறுதி செய்துகொண்டேன். அமிலங்களைத் தரம்பார்க்க வெண்காரத்தையே முதல்நிலைத் திட்டப்பொருளாகப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. ஆனால் அளக்கப்படும் பொருளையே அளவுகோலாகவும் வைத்துக்கொள்வது இந்த இடத்தில் எனக்கு உவப்பாக இல்லை. நிறங்காட்டியாக மெத்தில் சிவப்பைத் தேர்ந்தெடுத்தேன். தரம்பார்த்தல் முடியும்போது குடுவையில் இருப்பது போரிக் அமிலம் மட்டுமே. அது மிக வலிமை குன்றிய அமிலம் என்பதால் அந்த நிலையில் அமிலத்தன்மை எண் (pH) 5 அளவில்தான் இருக்கும். அங்கே மெத்தில் சிவப்பு மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்புக்குத் தெளிவாக மாறுகிறது. பினாப்தலீன் முடிவுநிலைக்கு வெகுமுன்னரே நிறமிழந்துவிடும் என்பதால் இதற்கு உதவாது.

வெப்பநிலையை நிலையாக வைத்திருப்பதுதான் இந்தச் சோதனையில் உழைப்பு கோரும் பகுதி. தானாக வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தொட்டி இல்லாததால், மீன் கொண்டுவரப் பயன்படும் தடித்த தெர்மாகோல் பெட்டியில் பாதிக்கு மேல் வெந்நீர் நிரப்பி, அதற்குள் மூடிய கண்ணாடிக் குடுவைகளை நிறுத்தினேன். நீரின் அளவு அதிகமாக இருப்பதால் வெப்பநிலை மெதுவாகவே இறங்கும்; அரை டிகிரி இறங்கியதும் சிறிது வெந்நீர் ஊற்றிக் கலக்கினால் மீண்டும் பழைய நிலைக்கு வந்துவிடும். வெப்பமானியை உருகும் பனிக்கட்டியிலும் கொதிக்கும் நீரிலும் வைத்து முன்கூட்டியே சரிபார்த்துக்கொண்டேன், ஏனெனில் வெண்காரத்தின் கரைதிறன் ஒரு டிகிரிக்கு நான்கு முதல் ஐந்து சதவீதம் வரை மாறுகிறது. செறிவை மும்மடியாக்கும்போது அதே ஒரு டிகிரிப் பிழை மாறிலியில் பதினைந்து சதவீதத்தை ஒட்டிய பிழையாகப் பெருகிவிடும். கோடைக்கால அறை வெப்பநிலைக்குக் கீழே உள்ள 25 டிகிரிப் புள்ளிக்கு மட்டும் வெந்நீருக்குப் பதிலாகப் பனிக்கட்டித் துண்டுகள் தேவைப்பட்டன.

சூடான தெவிட்டிய கரைசலைப் பிப்பெட்டில் எடுப்பது இன்னொரு சிக்கல். பிப்பெட் குளிர்ந்திருந்தால் கரைசல் அதன் சுவரிலேயே படிகமாகி, நுனி அடைத்துக்கொள்ளும். அடைக்காவிட்டாலும் உள்ளே ஒட்டிய படிகங்கள் அளவைக் கெடுக்கும். ஆகவே பிப்பெட்டை ஒரு நீண்ட சோதனைக் குழாய்க்குள் போட்டு, அதே வெந்நீரில் வைத்துச் சூடேற்றிய பிறகு பயன்படுத்தினேன். நுனியில் சிறிது பஞ்சைச் சுற்றி உறிஞ்சினால் மிதக்கும் படிகத் துகள்கள் உள்ளே வராது. பஞ்சை எடுத்துவிட்டுக் குறிவரை சரிசெய்து, 5 மில்லிலிட்டரைக் கூம்புக் குடுவையில் தயாராக இருக்கும் வெதுவெதுப்பான நீருக்குள் விட்டு, பிப்பெட்டையும் வெந்நீரால் அலசி அதிலேயே சேர்த்துவிட வேண்டும். நீர்த்த பிறகு கரைசல் குளிர்ந்தாலும் கவலையில்லை, எதுவும் படிகமாகாது.

குடுவையில் படிகம் கிடப்பதும் கரைசல் தெளிவாக இருப்பதும் சமநிலைக்குச் சான்று ஆகாது. இதைப் பலர் கவனிப்பதில்லை. கரைதல் இன்னும் முடியாமல் இருக்கலாம். அல்லது மிகையாகக் கரைந்தது இன்னும் படிகமாகாமல் தங்கியிருக்கலாம், வெண்காரம் இந்த இரண்டாவது வகைச் சோம்பலுக்குப் பேர்போனது. இதைச் சோதிக்க 40 டிகிரியில் இரண்டு குடுவைகளை வைத்தேன். ஒன்று அறை வெப்பநிலையில் தயாரித்த கரைசலைப் படிகங்களோடு சேர்த்து 40 டிகிரிக்கு ஏற்றியது. மற்றொன்று 50 டிகிரியில் தெவிட்டியதைப் படிகங்களோடு 40 டிகிரிக்கு இறக்கியது. இரண்டையும் அவ்வப்போது குலுக்கிவிட்டு, இடைவெளி விட்டு மாதிரி எடுத்தேன். மேலிருந்து வந்த குடுவைக்கு முதலில் 16.9 மில்லிலிட்டர் அமிலம் தேவைப்பட்டது. அது படிப்படியாக இறங்கி 15.60 அளவில் நின்றுவிட்டது. கீழிருந்து வந்தது 15.50 வரை ஏறி அங்கேயே நின்றது. எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ஒரே எண்ணை வந்தடைவதுதான் சமநிலையின் அடையாளம் என்பதால், இந்த இரண்டின் சராசரியை நம்பி எடுத்துக்கொண்டேன். மற்ற வெப்பநிலைகளில், அடுத்தடுத்து எடுத்த மாதிரிகள் ஒத்துப்போகும் வரை காத்திருந்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

ஐந்து மில்லிலிட்டர் கரைசலுக்குத் தேவைப்பட்ட அமிலத்தின் அளவும், அதிலிருந்து வந்த போரேட் செறிவும், கரைதிறன் பெருக்கமும், திட்டக் கட்டிலா ஆற்றல் மாற்றமும் வருமாறு:

25 டிகிரி: 8.15 மி.லி.; 0.163 மோலார்; 0.0173, +10.1 கிலோஜூல்
30 டிகிரி: 9.90 மி.லி.; 0.198 மோலார், 0.0310, +8.8 கிலோஜூல்
35 டிகிரி: 12.40 மி.லி.; 0.248 மோலார்; 0.0610, +7.2 கிலோஜூல்
40 டிகிரி: 15.55 மி.லி.; 0.311 மோலார், 0.120, +5.5 கிலோஜூல்
45 டிகிரி: 19.90 மி.லி.; 0.398 மோலார், 0.252, +3.6 கிலோஜூல்
50 டிகிரி: 25.40 மி.லி.; 0.508 மோலார், 0.524, +1.7 கிலோஜூல்
55 டிகிரி: 32.60 மி.லி.; 0.652 மோலார், 1.11, −0.3 கிலோஜூல்

ஒரு வரியை மட்டும் விரித்துக் காட்டுகிறேன். 40 டிகிரியில் 15.55 மில்லிலிட்டரை 0.200 ஆல் பெருக்கினால் 3.11 மில்லிமோல் அமிலம். ஒரு போரேட்டுக்கு இரண்டு அமிலம் என்பதால் அதில் பாதி, அதாவது 1.555 மில்லிமோல் போரேட், 5 மில்லிலிட்டரில் இருந்திருக்கிறது, செறிவு 0.311 மோலார். அதன் மும்மடியை நான்கால் பெருக்கினால் 0.120. இதன் இயல் மடக்கை −2.118. வாயு மாறிலி 8.314 ஐயும் 313.15 கெல்வினையும் பெருக்கி, அதை இந்த மடக்கையால் பெருக்கி, குறியை மாற்றினால் ஒரு மோலுக்கு +5.5 கிலோஜூல் வருகிறது.

மாறிலியின் இயல் மடக்கையை நிலைக்குத்து அச்சிலும், கெல்வின் வெப்பநிலையின் தலைகீழியைக் கிடை அச்சிலும் குறித்து வரையப்படும் கோட்டை வான்ட் ஹாஃப் கோடு என்பார்கள். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசை 1901இல் பெற்றவர் அவர். ஏழு புள்ளிகளின் ஊடாகப் பொருத்திய நேர்கோட்டின் சாய்வு −13,645 கெல்வின். இதிலிருந்து கரைதலின் என்தால்பி மாற்றம் மோலுக்கு +113 கிலோஜூல், வெட்டுத்துண்டிலிருந்து என்ட்ரோபி மாற்றம் கெல்வினுக்கு +346 ஜூல். கல்லூரி ஆய்வகங்களில் பொதுவாகக் கிடைக்கும் 110 கிலோஜூலை ஒட்டியே இந்த என்தால்பி அமைந்தது. இரண்டு எண்களுமே ஒரு சாதாரண உப்புக்கு மிகப் பெரியவை. ஒரு மோல் படிகம் குலையும்போது மூன்று மோல் அயனிகளோடு, படிகத்துக்குள் ஒழுங்காகக் கட்டுண்டு கிடந்த எட்டு மோல் நீரும் விடுபடுகிறது. அந்தக் கட்டுகளை அவிழ்க்க வெப்பம் வேண்டும் என்பதால் என்தால்பி உயர்கிறது, அவிழ்ந்தவை எல்லாம் கரைசலில் அலையத் தொடங்குவதால் என்ட்ரோபியும் உயர்கிறது. வெப்பநிலையோடு கரைதிறன் இவ்வளவு வேகமாக ஏறுவதற்கும் இதுவே காரணம்.

புள்ளிகள் உண்மையில் நேர்கோட்டில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இரு முனைகளும் கோட்டுக்கு மேலேயும் நடுப்பகுதி சற்றுக் கீழேயும் அமைந்து, மெல்லிய வளைவு தெரிந்தது. 25 முதல் 40 டிகிரி வரையுள்ள பகுதியை மட்டும் எடுத்தால் என்தால்பி 100 கிலோஜூல் அளவிலும், 40 முதல் 55 வரையுள்ள பகுதியில் 127 கிலோஜூல் அளவிலும் வருகிறது. இதைக் கைப்பிழை என்று ஒதுக்கிவிட முடியாது, ஏனெனில் வளைவு சீராக ஒரே பக்கம் இருக்கிறது. சமநிலை மாறிலியில் செறிவுக்குப் பதிலாக அயனிகளின் செயல்திறன், அதாவது அயனிகள் ஒன்றையொன்று ஈர்ப்பதையும் கணக்கில் கொண்ட பயனுறு செறிவு, இடம்பெற வேண்டும். இங்கே அயனி வலிமை 25 டிகிரியில் 0.5 அளவில் தொடங்கி 55 டிகிரியில் 2 வரை போய்விடுகிறது, அவ்வளவு நெரிசலில் செறிவும் செயல்திறனும் ஒன்றல்ல. மேலும் என்தால்பியே வெப்பநிலையோடு ஓரளவு மாறக்கூடியது. ஆகவே 113 என்பதை இந்த வெப்பநிலை எல்லைக்குள் ஒரு சராசரி மதிப்பாக மட்டுமே நான் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பின்னால் தசமப் புள்ளி வைத்து எழுதுவதில் பொருளில்லை.

இப்போது மாணவர்களின் கேள்விக்கு வரலாம். பட்டியலில் உள்ள ஏழு வரிகளில் ஆறு வரிகள் நேர்க்குறி. ஆனாலும் ஏழு குடுவைகளிலும் வெண்காரம் கரைந்தது, 25 டிகிரியிலேயே லிட்டருக்கு 60 கிராமுக்கு மேல். குழப்பம் எங்கே என்றால், பட்டியலில் இருப்பது திட்டநிலை மதிப்பு: படிகமும், சோடியம், போரேட் ஆகிய ஒவ்வோர் அயனியும் லிட்டருக்கு ஒரு மோல் இருக்கும் கரைசலும் ஒன்றாக இருந்தால் என்ன மாற்றம் நிகழும் என்று கேட்டு எழுதிய எண். எந்தக் குடுவையிலும் அந்தக் கரைசல் இல்லவே இல்லை. குடுவையில் அந்த நொடியில் இருப்பதற்கான கட்டிலா ஆற்றல் மாற்றத்தைப் பெற, திட்டநிலை மதிப்போடு வினைக் குணகத்தின் பங்கையும் கூட்ட வேண்டும். வினைக் குணகம் என்பது மாறிலியைப் போலவே, ஆனால் அப்போது கரைசலில் உள்ள செறிவுகளை வைத்துக் கணக்கிடும் எண்; அதன் இயல் மடக்கையை வாயு மாறிலியாலும் கெல்வின் வெப்பநிலையாலும் பெருக்கினால் அதன் பங்கு கிடைக்கும். 40 டிகிரியில் 0.20 மோலார் வெண்காரக் கரைசலுக்குள் படிகத்தைப் போட்டால் வினைக் குணகம் 0.032, அதன் பங்கு −9.0 கிலோஜூல், +5.5 உடன் கூட்டினால் −3.5. படிகம் கரைகிறது. அதே 40 டிகிரியில் கரைசல் 0.40 மோலாராக இருந்தால் குணகம் 0.256; அதன் பங்கு −3.5, கூட்டுத்தொகை +2.0. படிகம் வளர்கிறது. இரண்டு நிகழ்விலும் திட்டநிலை மதிப்பு அதே +5.5 தான். செறிவு 0.311ஐத் தொடும்போது கூட்டுத்தொகை சுழியாகிறது, அங்கே நிற்கிறது. ஏழு குடுவைகளிலும் அமிலம் சொட்டி நான் அளந்தது இந்தச் சுழியைத்தான். திட்டநிலை மதிப்பு ஏழு வேறு எண்களாக வந்தது, அந்தச் சுழியை அடையக் கரைசல் எவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது என்பதைக் காட்டுகிறது.

இதையே சோடியத்தின் பக்கமிருந்தும் பார்த்தேன். 30 டிகிரியில் தெவிட்டிய கரைசலை வடிகட்டித் தெளிவாக எடுத்து, அதில் சாதாரண உப்பைக் கரைத்து, ஒரு சிறு வெண்காரப் படிகத்தை விதையாகப் போட்டு வைத்தபோது, அடியில் புதிய படிகங்கள் சேர்ந்தன. போரேட்டை யாரும் கூட்டவில்லை. சோடியம் மட்டும் கூடியதால் வினைக் குணகம் மாறிலியைத் தாண்டிவிட்டது. விதை போடாமல் விட்டிருந்தால் வெகுநேரம் தெளிவாகவே இருந்திருக்கும். கட்டிலா ஆற்றலின் குறி போக வேண்டிய திசையை மட்டுமே சொல்லும், வேகத்தைச் சொல்லாது.

பட்டியலின் கடைசி வரிக்கு வருகிறேன், எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். 54 டிகிரியை ஒட்டி மாறிலி ஒன்றைத் தாண்டுகிறது, திட்டக் கட்டிலா ஆற்றல் மாற்றத்தின் குறி நேரிலிருந்து எதிருக்கு மாறுகிறது. பாடநூல்களில் இப்படி என்தால்பியும் என்ட்ரோபியும் இரண்டுமே நேர்க்குறியாக உள்ள வினைக்கு, "இந்த வெப்பநிலைக்கு மேல் தன்னிச்சையாக நிகழும்" என்று ஒரு கணக்கு வரும். அந்தக் கணக்கை இங்கே போட்டால் என்தால்பியை என்ட்ரோபியால் வகுத்து 328 கெல்வின், அதாவது 55 டிகிரி என்று விடை வரும். அந்த வெப்பநிலையில் குடுவை அருகே உட்கார்ந்து பார்த்தேன். எதுவும் நடக்கவில்லை, நடக்கவும் காரணமில்லை. செறிவு 0.63 மோலாரைத் தாண்டியது, அவ்வளவுதான். செறிவை லிட்டருக்கு ஒரு மோல் என்ற அலகில் அளக்க வேண்டும் என்று நாம் முடிவு செய்ததால் அந்த இடத்தில் சுழி விழுகிறது. வேறொரு திட்டநிலையைத் தேர்ந்தெடுத்திருந்தால் சுழி வேறு வெப்பநிலைக்கு நகர்ந்திருக்கும். சுண்ணாம்புக்கல் சூளையில் கார்பன் டை ஆக்சைடாகவும் சுட்ட சுண்ணாம்பாகவும் சிதையும் வினைக்கு இந்தக் கணக்கு அழகாகப் பொருந்துவதற்குக் காரணம், அங்கே திட்டநிலை என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள வளிமண்டல அழுத்தமாகவே அமைந்திருப்பதுதான். அந்தப் பொருத்தத்தைக் கரைசல்களுக்கும் நீட்டுவது சரியாகாது என்பது என் கருத்து.

அதற்கு ஆறு ஏழு டிகிரி மேலே, பட்டியலில் எந்தக் குறிமாற்றமும் முன்னறிவிக்காத ஒன்று உண்மையிலேயே நடக்கிறது. 61 டிகிரியை ஒட்டி, கரைசலோடு தொட்டுக்கொண்டிருக்கும் பத்து நீர் வெண்காரம் நிலைத்திருக்க முடியாமல் ஐந்து நீர் வெண்காரமாக மாறத் தொடங்குகிறது. அதற்குக் கீழே பத்து நீர்ப் படிகத்தின் கரைதிறன் குறைவு, மேலே ஐந்து நீர்ப் படிகத்தினுடையது குறைவு; சரியாக அந்த வெப்பநிலையில் இரண்டும் ஒரே கரைசலோடு சமநிலையில் இருக்கும், ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுவதன் கட்டிலா ஆற்றல் மாற்றம் சுழி. யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கிப்ஸ் 1875 முதல் 1878 வரை கனெக்டிகட் மாநிலக் கழகமொன்றின் ஆய்விதழில் வெளியிட்ட நீண்ட கட்டுரை, இப்படித் திண்மம், கரைசல் போன்ற பல நிலைமைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு சமநிலையில் இருப்பதைப் பற்றியதே. இதைப் பார்ப்பதற்காக ஒரு குடுவையை 65 டிகிரியில் வைத்து, செறிவு மிக அதிகம் என்பதால் 5 மில்லிலிட்டருக்குப் பதிலாக 2 மில்லிலிட்டர் எடுத்துத் தரம்பார்த்தேன். வான்ட் ஹாஃப் கோட்டை நீட்டினால் எங்கே போக வேண்டுமோ அதைவிடத் தெளிவாகக் கீழே அந்தப் புள்ளி விழுந்தது. விடுபட வேண்டிய நீர் குறைந்துவிட்டதால் என்தால்பியும் குறைகிறது, சாய்வும் தணிகிறது. அந்தப் புள்ளியை முதல் ஏழோடு சேர்த்துக் கோடு வரையக் கூடாது. அது வேறொரு திண்மத்தின், வேறொரு சமநிலையின் மாறிலி.

65 டிகிரியில் ஒரே ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு ஐந்து நீர் வெண்காரத்தின் என்தால்பியைச் சொல்ல முடியாது. 65 முதல் 80 டிகிரி வரை இன்னும் சில புள்ளிகள் வேண்டும். அந்தச் சூட்டில் பிப்பெட்டை நம்புவதைவிட, மூடியுள்ள சிறு புட்டியில் கரைசலை ஊற்றி எடைபோட்டு, கிலோகிராம் நீருக்கு இத்தனை மோல் என்று கணக்கிடுவது மேல். கரைசலின் அடர்த்தி பற்றிய கவலையும் அதோடு தீர்ந்துவிடும்.